இரண்டாம் அடுக்கு, எட்டாம் துளை

எச்சரிக்கை ஆரஞ்சுக்கு மாறி மூன்று மணி நேரம்.
லெ போர் துறைமுகத்தில் கிரேன்களைக் கட்டிப்போட்டாயிற்று.
கண்டெய்னர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதை நிறுத்திவிட்டன.
நாங்கள் இப்போதுதான் அடுக்கத் தொடங்குகிறோம்.

ஒரு கீபோர்டு, ஒரு திரை, ஒரு மவுஸ்.
இருபத்தொரு சர்வர்.
எட்டுத் துளைப் பெட்டி ஒன்று தலைமை;
அதன் ஏழாம் துளையில் ஒரு பெட்டி தொங்குகிறது,
எட்டாம் துளையில் இன்னொன்று.
ஆக இருபத்திரண்டு வாசல், இருபத்தொரு வீடு.
ஒரு துளை சும்மா இருக்க வேண்டும்.
இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்,
நான் மறந்துவிட்டேன்.

முதலில் தலைமைக்கு மின்சாரம்,
பிறகு கீழடுக்குக்கு,
சர்வர்கள் அதன் பிறகே.
மாற்றிக் கொடுத்தால் கீழே கிடப்பது
தானே தலைமை என்று எண்ணிக்கொள்ளும்.
மாற்றித்தான் கொடுத்தேன்.
கருந்திரையில் வெள்ளை எழுத்து:
கீபோர்டு இல்லை. தொடர F1ஐ அழுத்தவும்.

எதை வைத்து அழுத்துவதாம்,
என்று ராக்குக்குப் பின்னாலிருந்து கேட்டான் ஜோரிஸ் கதிவெல்.
குரல் மட்டும்தான் வரும். ஆள் இரவெல்லாம் கேபிளுக்குள்.

எல்லாவற்றையும் அணைத்து மறுபடி முதலிலிருந்து.
ஸ்க்ரோல் லாக் இருமுறை. ஏழு. மூன்று. என்டர்.
ஊரில் ஒருவரும் தொடாத அந்த விசைக்கு
இந்த அறையில்தான் பிழைப்பு.

பாஸ்வேர்டு தவறு.
மறுபடியும் தவறு.
பலகை பிரெஞ்சு, சர்வரின் காது ஆங்கிலம்:
நான் ஏ என்று தட்டினால் அது க்யூ என்று கேட்கிறது.
இன்னொரு முறை பிசகினால் கதவைச் சாத்திக்கொள்ளும்.
காரைக்காலில் தட்டச்சு பழகிய விரல்களை நம்பி
கண்ணை மூடி அடித்தேன்.
திறந்தது.

முன்பிருந்த பொறியாளர் பழப்பிரியர்.
லெட்சி, கொய்யா, கொம்பாவா என்று பெயர் வைத்துப் போயிருக்கிறார்.
இன்றிரவு அணைக்க வேண்டியது லெட்சி.
ஏழு-ஐந்து லெட்சி என்கிறது சீட்டு.
கட்டளையை அடித்துவிட்டேன், என்டர் மட்டும் பாக்கி.
எதற்கும் இருக்கட்டும் என்று
பெட்டியின் நீல விளக்கை இங்கிருந்தே மினுக்கினேன்.

லெட்சியில் ஒன்றும் மினுங்கவில்லையே, என்றது பின்குரல்.
பிறகு, ரொம்ப நேரம் கழித்து:
கொம்பாவாவில் மினுங்குகிறது.

கொம்பாவாவில்தான் இருக்கிறது
எந்தக் கப்பலில் எந்தப் பெட்டி என்ற முழு விவரமும்.
தூங்கும் பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுவதுபோல
விரலை எடுத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சீட்டையும் உரித்தோம்.
மினுக்கு, எங்கே, எழுது.
மினுக்கு, எங்கே, எழுது.
இடையில் அவன் கேட்டான்,
என் பெயரை உங்கள் எழுத்தில் எப்படி எழுதுவது?
கதிர்வேல் என்றிருக்கலாம்,
அந்த ர் மட்டும் கப்பலை விட்டு இறங்கவில்லை போல,
என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.
பார்த்தான். மடிக்காமல் சட்டைப்பையில் வைத்தான்.

எட்டு-எட்டு. கடைசித் துளை.
காலியாக இருக்க வேண்டியது.
திரை விழித்தது.
பெயர் கேட்டது.
கீழ்மூலையில் ஓர் எண்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் நாளாய் அணையாமல்.

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனான் ஜோரிஸ்,
தரைப்பலகை ஒன்றைத் தூக்கினான்,
இன்னொன்றைத் தூக்கினான்.
சுவருக்குள் போகிறது, என்றான்.

பட்டியலில் இல்லை. ரசீதில் இல்லை.
பாரிஸ் அலுவலகத்துக்கு அழைத்தால்
உங்களிடம் இருபத்தொன்றுதான் என்கிறார்கள்,
புயல் இரவில் குடித்திருக்கிறோம் என்ற குரலில்.
எதைத் தாங்கி நிற்கிறதோ தெரியாது.
எதையுமே தாங்காமலும் இருக்கலாம்.

ஐந்தே முக்கால்.
ஆறு மணிக்குச் சிவப்பு; அதன் பிறகு
தெருவில் ஆள் நடமாடக் கூடாது.
விளக்கை அணைக்கப் போனேன்.
ஜோரிஸ் திரும்பி வந்து
சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்து
எட்டாம் துளைக்கு மேல் ஒட்டினான்.

யாருக்கும் படிக்கத் தெரியாது, என்றான்,
அதனால் யாரும் அணைக்க மாட்டார்கள்.